யார் கண்ணுலயும் படாத கடை

அரை மணி நேரம் உட்காரச் சொன்னாங்களா உங்களையும்? உட்காருங்க. அந்த பெஞ்சுக்குக் கால் ஆடும், இப்படி எம் பக்கத்துல வாங்க. ஊசி போட்டதும் ஊட்டுக்கு ஓடிறக்கூடாதாம், இருந்து பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்களாம். எனக்கு இதுல ஒரு வருத்தமும் இல்லைங்க. ஒன்றரை வருசமா நான் சும்மா உட்கார்றதே ஊசி போட வர்ற புதன்கிழமை மட்டுந்தான்.

ஒன்றரை மாசமா உங்க புள்ளைக்கு? பையனா? போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க, வீங்கிக்கும். எம் புள்ளைக்கு ஒன்றரை வருச ஊசி. மிதுனா பேரு. அவ கத்துன கத்துக்கு வெளியே கட்டியிருந்த ஆடு கவுத்தை அத்துக்கிச்சு. இப்பப் பாருங்க, தோள்ல சாஞ்சு தேம்பிட்டே தூங்கிட்டா. எந்திரிச்சா மறுபடியும் ஆரம்பிப்பா.

இவன் எதுலங்க தூங்கறான்? சேலையிலயா? என்ன சேலை, நைலக்ஸா? ஐயோ, வேண்டாமுங்க. முதுகெல்லாம் வேர்த்துப்போயி பொரிப்பொரியா வந்துரும். நல்ல பருத்தியில போடுங்க. நான் தூளி தைக்கிறவ, அதான் கேக்கறேன். மிதுனா தூளி. ரெண்டு தலைப்புலயும் ரெட்டைத் தையல், நடுவுல ஒரு கட்டை, துணி மூஞ்சியில வந்து மூடாது. கேள்விப்பட்டிருக்கீங்களா?

என்ன யோசிக்கறீங்க? பையில என்னத்தைத் தேடறீங்க? கார்டா? கார்டை நர்ஸம்மா உங்க கையிலதானே கொடுத்தாங்க. சரி, அப்புறம் தேடிக்கலாம், தூங்கற புள்ளையை மடியில வச்சுட்டு அப்படிக் குனியாதீங்க.

கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அதுதானுங்க எங்கதையே. அஞ்சு மாசம், முழுசா அஞ்சு மாசம், ஒருத்தர் கண்ணுலயும் படாம ஒரு கடை நடத்தியிருக்கேன் நானு.

வர்ற திங்கக்கிழமை காலைல ஆறே முக்காலுக்கு எங்கூர் ரோட்டுல பனியன் கம்பெனி பஸ் வந்து நிக்கும். நான் ஏறணும். மேஸ்திரிகிட்டச் சொல்லியாச்சு. கல்யாணத்துக்கு முன்ன அஞ்சு வருசம் போன பஸ்தான். அப்ப பாட்டுக் கேட்டுட்டுப் போனேன். இப்ப இவளைத் தூக்கிட்டுப் போகணும். அங்க நாப்பது புள்ளைங்களுக்கு ரெண்டு ஆயாம்மா. சாயந்தரம் ஏழரைக்குத்தான் திரும்ப முடியும். இவ தூளியில போட்டாத்தான் தூங்குவா, தரையில போட்டா தூங்க மாட்டா. தூளி தைக்கிறவ புள்ளை, அங்க பாயில அழுதுட்டுக் கெடக்கப் போறா. அப்படிப் போகக்கூடாதுன்னுதான் இந்தக் கடையையே ஆரம்பிச்சேன். புள்ளையும் கண் முன்னால இருக்கும், மிஷினும் ஓடும்னு.

எங்க ஊட்டுக்காரர் தங்கமானவருங்க. "செஞ்சு பாரு, ஆறு மாசம் பாரு, ஓடலைன்னா பஸ் எங்கயும் போயிராது"ன்னாரு. ஆறு மாசம் முடியுது.

வெள்ளகோயில்ல பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்குதுங்க, குணாளண்ணன் கடை. பட்டா, சாதிச் சான்று, லேமினேஷன் எல்லாம் அவருதான். வெப்சைட்டும் போட்டுத் தருவாரு. பங்குனி மாசம் அவர்கிட்டப் போனேன். தூளியில இவளைப் போட்டு நாலு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். பாதி வேலை முடிஞ்சுது. அப்பத்தான் எனக்கு வெசனம் புடிச்சுது, ஒரே கவலை.

என்னன்னா, ஊடு கட்டும்போது பாதியில நிக்கிற சுவத்துக்கு என்னங்க பண்ணுவோம்? பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு கட்டுவோம். சாக்கைத் தொங்க விடுவோம். எதுக்கு? வர்றவன் போறவன் கண்ணு படக்கூடாது. இங்கயும் பாதிதானே நிக்குது? படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஊரு உலகமே பார்க்கற இடம். ஊரு உலகத்தை விடுங்க, எம் பக்கத்து ஊட்டுல இருக்கறவ ஒருத்தி பார்த்தாப் போதுமே.

தெய்வானை. எங்க ஊட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம், எனக்கு ஓரகத்தி. ரெண்டு ஊட்டுக்கும் ஒரே பொடக்காலி. கொல்லைப்பக்கம் ஒண்ணுதான், கிணத்தடியும் ஒண்ணுதான், துணி காயப்போடற கம்பியும் ஒண்ணுதான். காங்கேயத்துல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில ஆயா வேலை, நைட் டூட்டி. ஒசரமா இருப்பா. சிரிச்சா மேல்பல்லு ஒண்ணு மட்டும் முன்னால வந்து எட்டிப் பார்க்கும். கெட்டவன்னு சொல்ல மாட்டேனுங்க. ஆனா கண்ணு இருக்குதே, அந்தக் கண்ணு! "பால் என்னமாப் பொங்குது"ன்னா, திரிஞ்சுது. "ரோசாச் செடி தளதளன்னு இருக்குது"ன்னா, மறுவாரம் பூச்சி. "பாப்பா கொழுகொழுன்னு ஆயிட்டா"ன்னா, மூணு நாள் காய்ச்சல். அது பல்லு மொளைக்கற காய்ச்சல்னு டாக்டர் சொன்னாரு. டாக்டருக்கு என்னங்க தெரியும்?

அந்த ரெட்டைத் தையல் போடச் சொன்னது யாருன்னு கேக்கறீங்களா? அது அவதான் சொன்னா. கட்டை வைக்கச் சொன்னதும். ஆஸ்பத்திரில பார்த்திருக்கா. பகல்ல அவ ஊட்டுலதான் இருப்பா, நான் தைக்கும்போது பாப்பாவைத் தூளியில போட்டு ஆட்டிட்டே ஒரு தூக்கம் போடுவா. கால் கட்டைவிரல்ல கவுத்தைச் சுத்திக்குவா, தூங்கிட்டே ஆட்டுவா. பாவம்தான். அதுக்காகக் கண்ணு இல்லைன்னு ஆயிருமா?

குணாளண்ணன்கிட்டக் கேட்டேன். "அண்ணா, நல்ல நாள் வர்ற வரைக்கும் இதை யாரும் பார்க்காதபடிக்கு ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"பண்ணலாம்மா"ன்னாரு. "கூகுள் மாதிரி தேடிக் கொடுக்கறவங்க வந்து இதைக் குறிச்சுக்க வேண்டாம்னு சொல்ற மாதிரி ஒரு கட்டம் இருக்குது. அதுல டிக் போட்டுட்டா தேடறவங்களுக்கு வராது."

"யாருக்குமே வராதா?"

"யாருக்குமே."

"அந்த டிக்கை நானே போடறேண்ணா." நானே போட்டேனுங்க. அங்காளம்மனை நெனச்சுட்டு, இந்த விரல்ல. பூசணிக்காய் கட்டுன மாதிரி மனசு நெறஞ்சு போச்சு.

சித்திரையில நல்ல நாள் பார்த்துத் திறந்தோம். குணாளண்ணன் ஊட்டுக்கே கொண்டாந்த லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். குணாளண்ணன் "மவுசுக்கு வைக்காதீங்கம்மா, வழுக்கும்"னாரு. கற்பூரம் காட்டுனேன். அவர் என்னமோ சொல்லிட்டிருந்தாரு, அதுக்குள்ள இவ கற்பூரத்துல கை வைக்கப் போயிட்டா. அப்புறம் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல். தெய்வானைக்கும் ஒரு தூக்குல கொடுத்துவிட்டேன், எதுக்குன்னு சொல்லலை.

தினம் காலைல போனை எடுத்து எங்கடை பேரைப் பூராவும் அடிப்பேன், புள்ளி வச்சு, காம் போட்டு. டக்குனு வந்து நிக்கும், இவ படத்தோட. ஆஹா, கூகுள்ல மொதல்ல வருதுடான்னு நெனச்சுக்குவேன். ஆனா ஆர்டர் வரணுமே? ஒரு வாரம் போச்சு. பத்து நாள் போச்சு. குணாளண்ணனுக்குப் போன் போட்டேன். "ஜனங்க என்ன கேட்டுத் தேடுவாங்களோ அதையெல்லாம் எழுதுங்கம்மா. எழுத எழுதத்தான் மேல வரும்"னாரு.

எழுதுனேனுங்க. நான் படிச்சது எங்கூர் பள்ளிக்கூடத்துல, பன்னெண்டாவது வரைக்கும். கட்டுரைன்னா முன்னுரை, பொருளுரை, முடிவுரை, அவ்வளவுதான் தெரியும். ஆனா உக்காந்தேன். கொழந்தை ஏன் அழுவுது. தூளியில போட்டா தலை சப்பையாகுமா. தூளி கட்ட உத்தரம் இல்லாத ஊட்டுல என்ன பண்றது. கொழந்தை தூங்குச்சுன்னு இறக்குனா ஏன் முழிச்சுக்குது. இருபத்தி மூணு கட்டுரைங்க! ஒரு காலால தூளியை ஆட்டிட்டு, ஒரு கையால போன்ல அடிச்சுட்டு. இருபத்தி மூணையும் படிச்சது யாரு? நானு. அப்புறம் எங்க ஊட்டுக்காரர், பாதி. அவரும் தூங்கிட்டாரு.

நடுநடுவுல ஆர்டர் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மாசத்துக்கு மூணு, நாலு. எல்லாம் போன்லதான். அதுல ஒரு ஆச்சரியம் பாருங்க. அத்தனை பேரும் புதுசாப் புள்ளை பெத்தவங்க. "நேத்துத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தோம்"பாங்க. "நாளைக்குப் புள்ளைக்குக் காப்புப் போடறோம்"பாங்க. எல்லாம் இந்தப் பக்கத்துக்காரங்க, காங்கேயம், ஊதியூர், தாராபுரம் ரோடு. எப்படி நம்பர் கெடச்சுதுன்னு தவறாமக் கேப்பேன். அவங்க சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள "நெட்லதானே பார்த்தீங்க?"ம்பேன். ஒரு நிமிசம் யோசிச்சுட்டு "ஆமாங்க"ம்பாங்க. எனக்கு ஒரே புல்லரிப்பு. ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், "பார்த்தீங்களா மாமா, இந்தக் கூகுளு ஊர்ல எவ புள்ளை பெத்தான்னு தெரிஞ்சு வச்சுட்டு அவ போனுக்கே அனுப்புது"ன்னு. "அது எப்படி ஆஸ்பத்திரிக்குள்ள போச்சு?"ன்னாரு. "அதுக்குப் போகாத இடம் இருக்குதா?"ன்னேன்.

இருங்க, இருங்க. என்னமோ சொல்ல வர்றீங்க, நான் முடிச்சர்றேன். விட்டா எனக்கு மறந்து போகும். புள்ளை பெத்ததுல இருந்து ஞாபகசக்தியே இல்லை.

மூணு, நாலு ஆர்டர்ல மிஷின் ஓடுமாங்க? பத்தலை. அப்ப என்ன அர்த்தம்? கடை இருக்குது, மொதல்ல வருது, கட்டுரை இருக்குது, ஆனா ஓடலை. கண்ணு பட்டுருச்சு. நான் மறைச்சும் எப்படியோ பார்த்துட்டா. மொளகாய், உப்பு எடுத்து வெப்சைட்டுக்குச் சுத்திப் போட்டேன். சிரிக்காதீங்க, லேப்டாப் நமக்கு இல்லையே, போனைத்தான் நடுவுல வச்சு சுத்துனேன். நெட்டு வர்ற டப்பாவுக்கு மேல எலுமிச்சையும் மொளகாயும் கோத்துத் தொங்கவிட்டேன். குணாளண்ணனைப் புடிச்சு, மொதல் பக்கத்துல இவ கன்னத்துல ஒரு கறுப்புப் பொட்டு வைக்கச் சொன்னேன். "ஏம்மா, பாத்தா மச்சம் மாதிரி இருக்குமே"ன்னாரு. "இருக்கட்டும்"னேன். அந்தப் பொட்டு இன்னும் இருக்குது.

அப்பத்தான் ஆடி பொறந்துது. ஆடி ரெண்டு, பொடக்காலியில துணி காயப்போட்டுட்டு இருக்கேன். அவ டூட்டி முடிஞ்சு வந்தா. கையில போனு.

"ஏம் புள்ள, உங்கடை எங்க இருக்குது? நானும் தேடித் தேடிப் பார்க்கறேன், ஒண்ணுமே வரலியே?"ங்கறா.

எனக்கு எப்படி இருக்கும்? நெட்ல கடை வச்சதை அவகிட்ட நான் சொல்லவே இல்லை. எப்படித் தெரிஞ்சுது? "யார் சொன்னாங்க உங்களுக்கு?"ன்னேன்.

"எங்க ஊட்டுக்காரர்தான், உம் புருசன் அவர்கிட்டச் சொன்னாராம். நாலு நர்சுங்க போன்லயும் போட்டுப் பார்த்துட்டேன். தூளின்னு போட்டேன், மிதுனா தூளின்னு போட்டேன். எவ எவ கடையோ வருது, உன்னுது மட்டும் வரலை. என்னமோ கோளாறு புள்ள, அந்த ஜெராக்ஸ் கடைக்காரனைக் கேளு." அந்தப் பல்லைக் காட்டிட்டுச் சொல்றா.

"எம் போன்ல நல்லாத்தான் வருது"ன்னேன்.

"உம் போன்ல வந்து என்ன பண்ண?"

எப்படி இருக்குது பாருங்க நக்கல்! வரலை, வரலைன்னு ஒரு வாய்க்கு நாலு தடவை. வாழ்ந்துட்டிருக்கற கடையைப் பார்த்து வரலைங்கறா. நாலு நர்சுங்களைக் கூட்டி வச்சு, நாலு ஜோடிக் கண்ணுல பார்த்திருக்கா. நான் சும்மா விடலை. "வரக்கூடாதுன்னுதானே பார்க்கறீங்க! வராமப் போனா உங்களுக்கு நெஞ்சு குளுந்துரும்!"னு கேட்டுட்டேன். அவ ஈரத்துணியை என் பக்கெட்டுல இருந்து எடுத்து, பாதியைக் கம்பியில போட்டுட்டு, உள்ள போயிட்டா. துணி எம்பட துணி.

ஆடி மூணு. பொடக்காலிக்குக் குறுக்கே தகரம் அடிச்சோம். "அடிச்சே ஆகணுமா?"ன்னாரு ஊட்டுக்காரர். "அடிச்சே ஆகணும்"னேன். அந்தக் கூத்தைக் கேளுங்க. இந்தப் பக்கம் எம் புருசன் நட்டு முடுக்கறாரு. அந்தப் பக்கம் தகரத்தை விழுகாமப் புடிச்சுட்டு நிக்கறது யாரு? அவ புருசன்! அண்ணனும் தம்பியும் கிரிக்கெட்டுப் பேசிட்டே அடிக்கறாங்க. நடுவுல தகரத்துக்கு மேல ரெண்டு டம்ளர் காப்பி வருது. அவ கைதான். நான் வாங்கிக் கொடுக்கலை. எங்க ஊட்டுக்காரர் எட்டி வாங்கிக்கிட்டாரு, ரோசமில்லாத மனுசன்.

அன்னைல இருந்து பேச்சு இல்லை. அன்னைல இருந்து எனக்கு ஓய்வும் இல்லைங்க. பாப்பாவை ஆட்டறது நானு. தைக்கிறது நானு. கட்டுரை எழுதறது நானு. ஒரு தையல் போடறதுக்குள்ள இவ தூளிக்குள்ள எந்திரிச்சு நின்னுக்கறா. தகரத்துக்கிட்டப் போயி ரெண்டு கையிலயும் தட்டறா. "பெம்மா, பெம்மா"ங்கறா. பெரியம்மாவாம். அந்தப் பக்கம் இருந்து யாரோ மெதுவா ஒரு தட்டு தட்டுவாங்க. இவ சிரிப்பா. நான் வந்து தூக்கிட்டுப் போயிருவேன்.

மூணு வாரத்துக்கு முன்ன, இனி பொறுக்க முடியாதுன்னு குணாளண்ணன் கடைக்கே போயிட்டேன். சண்டை போடலாம்னுதான். "ஆறு மாசம் ஆகப்போகுது, கம்பெனிக்குப் போகப் போறேன், என்னதான் பண்ணீங்க நீங்க?"ன்னு. அவர் லேப்டாப்பைத் திறந்தாரு. பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாரு.

"ஏம்மா, அந்த டிக்கை எடுக்கவே இல்லையா?"

"எந்த டிக்?"

"உங்க கையால போட்டீங்களே, அது."

அஞ்சு மாசம்! பூசணிக்காய் அப்படியே தொங்கிட்டிருக்குது! எனக்கு விளங்கற மாதிரி சொன்னாரு. கூகுளுக்கு ஒரு ஆளு மாதிரி இருக்குதாம், மக்கள்தொகை எடுக்க வர்றவங்க மாதிரி வாசல் வாசலாப் போயி யார் ஊட்டுல என்ன இருக்குதுன்னு குறிச்சுட்டு வருமாம். அப்படிக் குறிச்சதைத்தான் தேடறவங்களுக்குக் காட்டுமாம். நம்ம வாசல்ல 'வேண்டாம்'னு எழுதியிருந்தா, சரின்னுட்டு மரியாதையாத் திரும்பிப் போயிருமாம். மானஸ்தன். அஞ்சு மாசமா வந்து வந்து திரும்பிப் போயிருக்குது. இருபத்தி மூணு கட்டுரையும் உள்ள இருந்து அதைக் கூப்பிட்டுட்டு இருந்திருக்குது.

"எம் போன்ல வருதேண்ணா?"

"நீங்க பூரா விலாசத்தையும் அடிக்கறீங்க. அது தேடறது இல்லைம்மா, நேரா ஊட்டுக்குப் போறது. ஊட்டுக்காரங்களுக்கு ஊடு தெரியாமப் போகுமா?"

"திறந்த அன்னைக்கே நீங்க எடுத்திருக்கணும்"னேன்.

"எடுக்கணும்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான், 'பக்கத்து ஊட்டுல அவங்க இன்னைக்கு லீவுல இருக்காங்கண்ணா, அமாவாசை கழியட்டும், நானே சொல்றேன்'னீங்க."

அப்படிச் சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லைங்க. சரி, சொல்லியே இருந்தாலும், யாரால சொன்னேன்? டிக்கைப் போட்டது நான்தான், இல்லைங்கலை. ஆனா யாரால போட்டேன்? அவளாலதானே? அவ கண்ணு அப்படி இல்லைன்னா நான் எதுக்குப் போடறேன்? சுத்திச் சுத்தி அங்கதான வந்து நிக்குது?

ஒண்ணு மட்டும் எனக்குப் புடிபடலை. "அண்ணா, அப்ப எனக்கு வந்த பத்தொம்பது ஆர்டரு?"ன்னேன். "நெட்ல இருந்து ஒருத்தர் கூட வரலைம்மா. இங்க பாருங்க, முட்டை"ன்னு காமிச்சாரு. "வேற யாரோ சொல்லி வந்திருப்பாங்க"ன்னாரு. யாருங்க எனக்குச் சொல்றதுக்கு இருக்காங்க? எங்கம்மா ஊரு தூரம். ஊட்டுக்காரர் வெளி ஆளுங்ககிட்ட வாயே திறக்க மாட்டாரு. நான் முடிவு பண்ணிட்டேன், அங்காளம்மன்தான். டிக்கைப் போடும்போது நெனச்சேனே, அவதான் பத்தொம்பது பேரை அனுப்பியிருக்கா.

டிக்கை எடுத்தாச்சு. எடுத்ததும் வந்துராதாம், வாரக்கணக்கு ஆகுமாம். உங்க போன்ல நெட்டு இருக்குதுங்களா? சித்தெ எடுத்து, தூளின்னு அடிச்சுப் பாருங்க. எங்கடை பேரைப் போடாதீங்க, சும்மா தூளின்னு. எம் போன்ல பார்த்தா இனி நம்பிக்கையே இல்லை, அதான் பஸ்ல, ரேஷன் கடையில, பார்க்கறவங்க போன்லயெல்லாம் பார்த்துட்டு இருக்கேன். கீழ தள்ளுங்க. இதெல்லாம் பெரிய பெரிய கம்பெனிக்காரங்க. இன்னும் தள்ளுங்க. அடுத்த பக்கம். இல்லை, இதுவும் இல்லை. அதுக்கடுத்தது. தோ! தோ பாருங்க, கன்னத்துல கறுப்புப் பொட்டு! அஞ்சாவது பக்கம். போன வாரம் ஒம்பதாவது பக்கத்துல இருந்துச்சு. நடந்து வந்துட்டுத்தான் இருக்குது. ஆனா திங்கக்கிழமைக்குள்ள மொதல் பக்கத்துக்கு எங்கங்க வரப்போகுது?

என்னங்க? மறுபடியும் பையைத் துழாவறீங்க? சொல்லுங்க, சொல்லுங்க, நான் முடிச்சுட்டேன்.

கார்டு உறைக்குள்ள என்னது இது? மாத்திரை அட்டையைக் கிழிச்ச துண்டா? என்ன நம்பர் எழுதியிருக்குது, கொடுங்க.

இது எம் நம்பர்.

இதுல எப்படிங்க எம் நம்பர்? நீங்க எந்த ஊர் ஆஸ்பத்திரியில... காங்கேயமா. யார் கொடுத்தாங்க? ஆயாம்மாவா? எப்படி இருந்தாங்க? ஒசரமாவா? சிரிச்சா...

ஆமா, ஒரு பல்லு. ஒரு பல்லு முன்னால வரும்.

என்ன சொல்லிக் கொடுத்தாங்க? சேலையில போடாதீங்க, தூளி வாங்குங்கன்னா? அப்புறம்? நெட்ல தேடாதீங்க, கெடைக்காது, நேரா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னா? அவங்களே சொன்னாங்களா அப்படி?

எல்லாருக்குமா? அந்த வார்டுல படுத்திருந்த எல்லாருக்குமா கொடுத்தாங்க? நீங்க கார்டுக்குள்ள வச்சு மறந்துட்டீங்க. மத்தவங்க மறந்திருக்க மாட்டாங்க.

பத்தொம்பது.

வேற ஏதாச்சும் சொன்னாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்க பாப்பா அதுலதான் தூங்கறான்னா? 'எங்க பாப்பா'ன்னா சொன்னாங்க? பக்கத்து ஊட்டுப் பாப்பான்னு சொல்லலையா? கொழுந்தன் புள்ளைன்னு சொல்லலையா?

இருங்க. உங்க பையன் என்னைக்குப் பொறந்தான்? ஆடி இருபத்தி நாலா? அப்ப நீங்க டிஸ்சார்ஜ் ஆனது ஆடி கடைசியில. நாங்க தகரம் அடிச்சது ஆடி மூணு. தகரம் அடிச்சு இருபத்தஞ்சு நாள் கழிச்சு. அப்பவும் அட்டையைக் கிழிச்சு எழுதிட்டு இருந்திருக்காங்க.

ஒண்ணுமில்லைங்க. தூசி. இவ முடி கண்ணுல பட்டுருச்சு.

நர்ஸம்மா கூப்பிடறாங்க பாருங்க, அரை மணி ஆயிருச்சாம். போங்க, காய்ச்சல் வந்தா மருந்தை அவங்க சொன்ன அளவு மட்டும் கொடுங்க. உங்க தூளியை நாளைக்கே தைச்சு அனுப்பறேன், நீங்க கூப்பிட வேண்டாம், விலாசத்தை இந்த அட்டைக்குப் பின்னால எழுதுங்க. இல்லை, வேண்டாம், இதுல எழுதாதீங்க. இந்த அட்டையை எனக்குக் கொடுத்துருங்க. வேற காகிதத்துல எழுதுங்க.

திங்கக்கிழமையா? பஸ்ஸு வந்தா ஆரனை அடிச்சுட்டுப் போகட்டும். இன்னொரு ஆறு மாசம் பார்ப்போம். அது அஞ்சாவது பக்கத்துல இருந்து நடந்து வரட்டும், நமக்கு என்ன, வழி தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க.

அக்கா ஆறு மணிக்கு டூட்டிக்குக் கிளம்பிருவாங்க. இப்பவே போனா அதுக்குள்ள முடிஞ்சுரும். பதினாறு நட்டுதானுங்க, துருப்புடிக்கறதுக்கு நாளாகலை. பாப்பாவைத் தகரத்துக்கிட்ட நிக்க வச்சுட்டு நானே கழட்டிருவேன். மன்னிப்பு கின்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன், அதெல்லாம் எனக்கு வராது. மழை பேஞ்சா தகரம் தடதடங்குதுக்கா, பாப்பா தூங்க மாட்டேங்கறா, அதான் எடுத்துட்டேன்னு சொல்லிக்குவேன்.

என்ன பார்க்கறீங்க? ஆமாங்க, எங்கூர்ல ஆடியில இருந்து ஒரு தூத்தல் விழுகலை. அக்காவுக்கும் தெரியும். தெரிஞ்சாத் தெரியட்டும்.